செடெனாக் பேருந்துக்குக் கிடைத்த தாய்மாமன்

தலைமை தாங்கித் தலைநிமிர்ந்து அமர்ந்திருக்கும் கூலாய்க் கோயில் தலைவர் ஐயா சதாசிவம் அவர்களே, மாலை மாற்றி மகிழ்ந்திருக்கும் மணமக்களே, செடெனாக்கிலிருந்து சேலை கசங்காமல் வந்து சேர்ந்த தாய்மார்களே, சாப்பாட்டுக் கூடத்தின் பக்கமே கண்ணாக இருக்கும் பெரியோர்களே, உங்கள் அனைவருக்கும் இந்த மரியநாதனின் மாலை வணக்கம்!

மணமகள் லோஷினியின் தாய் கஸ்தூரி, உடன்பிறந்தார் யாரும் இல்லாதவர். மணவறையில் ஐயர் "தாய்மாமன் வாங்க" என்று அழைக்கும் அந்த ஒரு நிமிடத்தை எண்ணி அவர் எத்தனை ஆண்டுகள் அஞ்சினார் தெரியுமா? எனக்குத் தெரியும். அந்தக் கதையைச் சொல்லத்தான் எழுந்தேன்.

அது ஒரு காலம்! தம்போயில் ஒரு கடைவீடு. கீழே டயர் கடை, மேலே எங்கள் சின்ன அலுவலகம், அதில் கஸ்தூரியும் நானும். மழை பெய்தால் ரப்பர் வாசம் மாடியேறி வரும். இன்றைக்கும் அந்த வாசத்துக்கு மனம் ஏங்குகிறது. பேருந்தில் பொருத்தும் சிறு கணினிக்கு அடித்தள நிரல், கர்னல் என்பார்களே, அதை எழுதுவது எங்கள் வேலை. புதுப் பேருந்துகளில் இடங்காட்டும் ஜிபிஎஸ் கருவி உண்டு. பழையவற்றில் கிடையாது. நிரலோ இரண்டுக்கும் ஒன்றே. என்ன செய்தோம்? அடிக்கு அடி "கருவி இருக்கிறதா?" என்று கேட்க வைத்தோம். நின்றால் கேள்வி, நிமிர்ந்தால் கேள்வி! ஓரிடத்தில் மட்டும் கேள்வி விடுபட்டது. செடெனாக் போகும் பழைய பேருந்தின் கணினி, தன்னிடம் இல்லாத கருவியை அழைத்தது. பதில் வராமல் கல்லாய்ச் சமைந்தது, பேருந்தும் நின்றுபோனது. அதை ஓட்டிய ஜெயபாலன் இதோ மூன்றாம் வரிசையில் தலையாட்டுகிறார். ஆமாம் ஐயா, அன்று நீங்கள் ஏசிய ஏச்சு இன்னும் காதிலேயே இருக்கிறது!

அந்த இடத்தில் இன்னொரு கேள்வியைச் செருகிவிடலாம் என்றேன். நாளைக்கு வேறோர் இடம் விடுபடும் என்று கஸ்தூரி மறுத்தார். சிதறிக் கிடந்த கேள்விகளையெல்லாம் கூட்டிப் பெருக்கினார். கருவி உண்டா என்பதை ஒரே இடத்தில் முடிவு செய்தார். கருவி இல்லாத பேருந்தில் அதே பெயரில் ஒரு சின்ன நிரலை நிற்க வைத்தார். அழைத்தால் அது வரும், "என்னிடம் கருவி இல்லை" என்று சொல்லும், அழைத்தவர் தம் வேலையைத் தொடரலாம். ஏதாவது ஓர் இடத்தைக் காட்டிச் சமாளிக்கச் சொல்லலாமே என்றேன் நான்.

"பொய் மட்டும் சொல்லக் கூடாதுண்ணே. இல்லன்னா இல்லன்னு சொல்லணும். ஆனா கூப்பிட்டா வரணும்" என்றார்.

பேருந்து கிளம்பியது. கடையில் நுரை பொங்க ஆற்றிக் கொடுத்த தே தாரிக் தேநீரைக் குடிக்கும்போது கஸ்தூரி அழுதார். லோஷினி அப்போது கைக்குழந்தை.

"பஸ்ஸுக்கு ஆள் வச்சிட்டேன். என் பொண்ணு கல்யாணத்துல தாய்மாமனக் கூப்பிட்டா யாருண்ணே வருவா?"

"கூப்பிடச் சொல்லும்மா. நான் வரேன்."

இன்று காலை ஐயர் அழைத்தார். ரத்த உறவா நான்? இல்லை. சாதி சனமா? இல்லை. ஞாயிறுதோறும் மாதா கோயிலுக்குப் போகிறவன்! ஆனாலும் எழுந்தேன். கூடப் பிறந்தவன் இல்லை என்பதை ஐயரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். பொய் சொல்லக் கூடாதல்லவா? அவர் சிரித்துக்கொண்டே மாலையை என் கையில் கொடுத்தார். மேளம் நிற்கவில்லை, மந்திரம் நிற்கவில்லை, கல்யாணம் நடந்தது. நான் மாலையைக் கழுத்தில் போட்டதும் லோஷினி என் காதோரம் சொன்னாள்:

"மாமா, கோணலா இருக்கு."

கண்ணீரில் எனக்கு நேரும் தெரியவில்லை, கோணலும் தெரியவில்லை. அந்தக் கடைவீடு போயிற்று, அந்தப் பேருந்தும் போயிற்று. மாமா என்று அழைக்க ஒரு மகள் எனக்குக் கிடைத்திருக்கிறாள்.

மணமக்கள் நீடு வாழ்க! பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு என் நன்றி. கூப்பிட்டதற்கு உனக்கும் நன்றி, கஸ்தூரி. அண்ணன் வந்துவிட்டேன் அம்மா. வணக்கம்!