சின்னது வெச்ச முட்டை

தங்கை: தோள்பட்டை கழண்டு விழுதுக்கா. இந்தத் துணிமூட்டையை நாளைக்குத் தேய்ச்சா ஆகாதா?

அக்கா: காலையில விடுதிக்காரன் துணிக்கு வந்து நிப்பான். தேய்... மொதல்ல அந்த ஜன்னல்ல இருக்கிற குளவிக்கூட்டைத் தட்டி விடணும்.

தங்கை: தொடாதே. என்னை ஒருநாளும் கொட்டினதில்ல.

அக்கா: உன் மூஞ்சியைப் பாத்துப் பயந்திருக்கும்.

தங்கை: அதுங்களப் பாத்துக்கிட்டே தேய்ச்சா வலி தெரியல. அந்தப் பெருசு இருக்கு பாரு, கூட்டை விட்டு நகராது. முட்டை வைக்கிறது அது மட்டுந்தான். மத்ததுங்க பச்சைப்புழுவைக் கடிச்சு உருண்டையாக்கிக் கொண்டுவந்து அதோட குஞ்சுகளுக்கு ஊட்டும்.

அக்கா: வேலைக்காரிங்களா?

தங்கை: மகளுங்க, தங்கச்சிங்க. போன வாரம் ஒரு சின்னது கூட்டுல காலியா இருந்த அறையில தானும் ஒரு முட்டை வெச்சுது.

அக்கா: அட...

தங்கை: பெருசு வந்து அதைத் தின்னுட்டுது.

அக்கா: ...சின்னது என்ன பண்ணுச்சு?

தங்கை: என்ன பண்ணும்? திரும்பவும் இரை தேடப் போச்சு.

அக்கா: என்னைக் குத்திக் காட்டுறியா?

தங்கை: குளவியைச் சொன்னேன்.

அக்கா: சரி... என் பெரிய மகளுக்கு அடுத்த மாசம் பிரசவம். நீ போய்க் கொஞ்ச நாள் கூட இருந்தீன்னா...

தங்கை: உன் மூணையும் தூக்கித் தூக்கித்தான் இடுப்பு போச்சு. இனி பேரப்பிள்ளையுமா?

அக்கா: உன்னை விட்டா அவளுக்கு யாருடி?

தங்கை: நான் போகலக்கா. லாரிக்காரர் என்னைக் கட்டிக்கத் திரும்பக் கேட்டிருக்காரு.

அக்கா: எந்த...

தங்கை: அன்னிக்கு நீ முடியாதுன்னு பதில் சொல்லி அனுப்பினியே, அவரேதான். பொண்டாட்டி செத்துத் தனியா இருக்காரு.

அக்கா: அப்ப என் பிள்ளைங்க சின்னதுடி.

தங்கை: மத்தியானம் வந்து உன்கிட்ட பேசறேன்னாரு. காணோம்.

அக்கா: ...சோறு ஆறுது. வந்து சாப்பிடு.

தங்கை: அக்கா... வந்தாரா?

அக்கா: நீ இஸ்திரிப்பெட்டிக்குக் கரி வாங்கப் போயிருந்தே. உனக்கு இஷ்டமில்லன்னு சொல்லிட்டேன்... உங்க மாமாவும் போய்ச் சேந்துட்டாரு, பிள்ளைங்களும் அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. நீயும் போயிட்டா ராத்திரி இந்த வீட்டுல நான் யாரைக் கூப்பிடுவேன்?

தங்கை: தெரியும். நான் திரும்பி வரும்போது தெருமுனையில லாரியில ஏறிக்கிட்டிருந்தாரு. "நெசமாவே இஷ்டமில்லையா"ன்னு கேட்டாரு. இருக்குன்னு சொல்ல வாய் வரலக்கா, கரிமூட்டையோட நின்னேன். நீயாச்சும் உள்ளதைச் சொல்லுவியான்னுதான் இவ்வளவு நேரம் பேசிப் பாத்தேன். பெரியவ வீட்டுக்குப் போறேன், பிள்ளையைத் தூக்கறேன். ஆனா எனக்கு நீ ஒரு குடும்பம் பாக்கி வெச்சிருக்கே. அதை மட்டும் மறந்துடாதே.