கேட்டதற்கு மேல் ஒரு கம்பி

விழாவுக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் நம் வட்டாரச் சிறுதொழில் சங்கத் தலைவர் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் மூத்த பட்டறை முதலாளிகளே! கரி படிந்த கைகளைக் கழுவக்கூட நேரமின்றி வேலையிலிருந்து நேரே வந்து அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, தம்பிமார்களே! வீட்டு வேலையையும் முடித்து, வெல்டிங் வேலையையும் முடித்து, வீறுநடை போட்டு வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அத்தனை பேரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

மத்திய அரசின் மருத்துவமனைகளுக்கு நாலாயிரம் கட்டில் செய்யும் ஒப்பந்தம் நம் ஊருக்கு வந்துவிட்டது. எப்படி வந்தது? சிபாரிசில் வந்ததா? இல்லை. சிரித்துப் பேசி வந்ததா? இல்லை. சீட்டுக் குலுக்கி விழுந்ததா? அதுவும் இல்லை. ஒரே ஒரு கம்பியால் வந்தது. என்ன, பின்வரிசையில் சிரிப்பு? நிஜமாகத்தான் சொல்கிறேன். ஒரு முழம் இரும்புக் கம்பி.

பன்னிரண்டு ஆண்டுகள் தலைநகரத்து நிறுவனம் ஒன்றுக்கு நாங்கள் கட்டில் செய்து கொடுத்தோம். அறுத்தது நாம், வளைத்தது நாம், பற்றவைத்தது நாம், பெயின்ட் அடித்தது நாம். லாரியில் ஏற்றுமுன் ஒட்டிய பெயர் மட்டும் அவர்களுடையது. வியர்வை நம்முடையது, விலாசம் அவர்களுடையது! அந்தப் பெயரை ஒருநாள் மாற்றியே தீருவது என்று, பத்தொன்பது பேர் வேலை செய்யும் எங்கள் பட்டறை முடிவு செய்தது.

அப்போது, பட்டறையை நடத்துகிறவள் என்ற முறையில், நம் தலைவரிடம் யோசனை கேட்கப் போனேன். "அதெல்லாம் தலைநகரத்துக்காரங்க சமாச்சாரம்மா, நமக்கு ஒத்து வராது" என்றார். பாருங்கள், இப்போது தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறார். சிரியுங்கள் தலைவரே, உங்களுக்கு இன்னும் இருக்கிறது.

எங்கள் பட்டறையின் தலைமை வெல்டர் என் கொழுந்தனார். அவரிடம் ஒரு பழக்கம். எந்தக் கட்டில் செய்தாலும், பக்கவாட்டுச் சட்டத்துக்கு அடியில் சாய்வாக ஒரு கம்பி கொடுத்துவிடுவார். கேட்டாலும் கொடுப்பார், கேட்காவிட்டாலும் கொடுப்பார். அவரைப் பார்த்துப் பட்டறை முழுக்க அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. தலைநகரத்து நிறுவனம் அதைக் கண்டுகொண்டதே இல்லை, ஏனென்றால் அவர்கள் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

முதல் டெண்டருக்கு மாதிரிக் கட்டில் அனுப்பினோம். ஒரு வரியில் பதில் வந்தது. வரைபடத்தில் இல்லாத கம்பி இருக்கிறது, நிராகரிக்கப்படுகிறது. அவ்வளவுதான்! குறைத்துச் செய்து தோற்றவர்கள் உண்டு, உலகத்திலேயே கூட்டிச் செய்து தோற்றவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. பட்டறை நடுவே நின்று கொழுந்தனாரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். இரும்பு சும்மாவா கிடைக்கிறது, யார் கேட்டார்கள் உங்களை என்றெல்லாம் கத்தினேன்.

அவர் முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அண்ணி, ஆஸ்பத்திரி கட்டில்ல படுக்கிறது ஒருத்தர்தான். ஓரத்துல உக்கார்றது ரெண்டு பேரு. படம் போட்டவருக்கு அது தெரியல."

மீதியை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை, எனக்கே தெரியும். அவர் மனைவிக்கு வயிற்றில் அறுவை நடந்தபோது, பதினோரு நாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். பதினோராம் நாள் அவரோடு அவர் மாமியாரும் உட்கார, சட்டம் வளைந்து கட்டில் சரிந்தது. சரிந்த வேகத்தில் அந்தப் பெண்ணுக்குத் தையல் பிரிந்தது. மறுபடி தைத்தார்கள். அந்த வாரம் பட்டறைக்கு வந்தவர் கொடுக்கத் தொடங்கியதுதான் அந்தக் கம்பி. இத்தனை வருடம் கூடவே இருந்தும் அது எனக்குத் தோன்றவில்லையே! அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறு ஆண்டு அதே டெண்டர், அதே வரைபடம். கம்பி வைத்தால் தள்ளுவார்கள், வைக்காவிட்டால் மனசு கேட்காது. என்ன செய்வது? டெண்டர் தாள்களை எழுத்து விடாமல் படித்தேன். கடைசிக்கு முந்தின பக்கத்தில், ஐயம் உள்ளவர்கள் இன்ன தேதியில் நேரில் வந்து கேட்கலாம் என்று போட்டிருந்தது. அந்த வரியை நம் ஊரில் யாராவது படித்திருக்கிறோமா? படித்தவர்கள் கையைத் தூக்குங்கள். ஒரு கையும் காணோம். நல்லது, இனிமேல் படிப்பீர்கள்.

வரைபடத்தில் உள்ளபடியே, கம்பி இல்லாமல், ஒரு கட்டில் செய்தோம். கழற்றிக் கட்டி, கொழுந்தனாரும் நானும் ரயிலேற்றிக் கொண்டுபோனோம். அந்தக் கூட்ட அறையில் கோட்டு போட்டவர்கள் நாற்பது பேர். எங்களிடம் கட்டில் வாங்குகிற நிறுவனத்தின் மேலாளரும் அங்கே இருந்தார். அத்தனை பேர் முன்னிலையில், "எங்களுக்குச் செஞ்சு குடுக்கிறவங்கதானே நீங்க, இங்க என்ன வேலை?" என்றார். கட்டிலைப் பூட்டினோம்.

அதிகாரிகளில் மூத்தவரை நடுவில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார், ஒன்றும் ஆகவில்லை. ஓரத்தில் உட்காரச் சொன்னேன், பக்கத்தில் இன்னொருவரையும் உட்காரச் சொன்னேன். கிரீச்! சட்டம் வளைந்தது, கட்டில் சரிந்தது, இரண்டு பெரிய மனிதர்களும் தடுமாறி எழுந்தார்கள். "இத்தனை வருஷமா இதை ஏன் யாரும் சொல்லல?" என்று மூத்தவர் கேட்டார். "இங்க வந்தவங்க யாரும் கட்டில் ஓரத்துல உக்காந்திருக்க மாட்டாங்கய்யா" என்றேன்.

பத்தே நாளில் வரைபடம் திருத்தப்பட்டது. சாய்வுக் கம்பி சேர்ந்தது. கூடவே தலைநகரத்து நிறுவனம் எங்களிடம் வாங்குவதையும் நிறுத்தியது. இரண்டு மாதம் பட்டறையில் தீப்பொறி பறக்கவில்லை. பத்தொன்பது பேரும் காலையில் வருவார்கள், எந்திரத்தைத் துடைப்பார்கள், என் முகத்தைப் பார்ப்பார்கள். ஒருவர்கூட வேறு வேலைக்குப் போகவில்லை. அவர்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்!

முடிவு வந்தது. மாதிரியில் தேறியவர்கள் மூவர். அந்த மூவரில் குறைந்த விலை எங்களுடையது. ஏன் குறையாது? மற்றவர்கள் நம்மைப்போன்ற பட்டறையில் வாங்கி விற்பவர்கள். நாங்களோ செய்கிறவர்கள்! அவர்களுக்குப் புதிய கம்பி, நமக்குப் பன்னிரண்டு ஆண்டுப் பழக்கம்!

சொந்தங்களே, நமக்குத் திறமை குறைவா? இல்லை. உழைப்பு குறைவா? இல்லை. போய்க் கேட்கும் துணிவுதான் குறைவு. நாற்காலி செய்பவர்களே, கேளுங்கள்! சீருடை தைப்பவர்களே, கேளுங்கள்! குழாய் வார்ப்பவர்களே, கேளுங்கள்! நாம் அறிந்ததை நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

இதோ, மேடையில் துணி போட்டு மூடியிருப்பது மேசை என்றுதானே நினைத்தீர்கள்? துணியை எடு தம்பி. ஒப்பந்தத்தின் முதல் கட்டில்! தலைவரே, எழுந்து வாருங்கள். ஓரத்தில் உட்காருங்கள், பயப்படாதீர்கள். மூன்றாம் வரிசையில் இருக்கும் என் கொழுந்தனார் மனைவியே, நீயும் வாம்மா. தலைவர் பக்கத்தில் உட்கார். கொழுந்தனாரே, நீங்களும்தான்.

மூன்று பேர். ஆடுகிறதா தலைவரே? ஆடவில்லை என்கிறார், எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியே குனிந்து, தலைமாட்டில் பதித்த தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று உரக்கப் படியுங்கள்.

படித்துவிட்டார். நம் ஊர்ப் பெயர்!

காது கொடுத்த உங்களுக்கும், கம்பி கொடுத்த அவருக்கும் நன்றி சொல்லி அமர்கிறேன், எனக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள். வணக்கம்.