மூன்றாம் முயற்சி, எட்டு கஜம்

மில்ஸ்டோன் சாலை உணவகத்தில் காப்பி சுமாராகத்தான் இருக்கும். ஆனாலும் பத்தொன்பது ஆண்டுகளாகத் திங்கட்கிழமைக் காலைகளில் நான் அங்கேதான் குடித்து வருகிறேன். சனிக்கிழமை நடந்த கல்லூரி அமெரிக்கக் கால்பந்தாட்டத்தைப் பற்றி இந்த ஊர் பேசுவது அந்த மேசையில்தான். பேசுவது என்றேன், ஆய்வது என்று சொல்ல மனம் வரவில்லை.

அதிகாரி அவர்களே, நோக்கம் என்ன என்று கேட்டீர்கள். அதைச் சொல்ல அந்த மேசையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மேசைக்கு இருவர் முக்கியம். ஹாய்ட் பிரசிட் சரக்கு வண்டிகள் விற்பவர். லமார் டீஸ் பல் மருத்துவர். இருவரும் எங்கள் கல்லூரியின் நாரைகள் அணிக்காக உயிரைக் கொடுப்பதாகச் சொல்வார்கள். ஓர் ஆட்டத்தை இரண்டாம் முறை பார்க்கும் பொறுமை மட்டும் இருவருக்கும் கிடையாது. வென்றால் பையன்களுக்கு நெஞ்சுரம் இருந்தது, தோற்றால் இல்லை. அவர்களுடைய விமர்சன மரபு முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும். நான் ஒவ்வோர் ஆட்டத்தின் பதிவையும் ஒவ்வொரு நகர்வாக நிறுத்தி, இருபத்திரண்டு பேரின் கால்களையும் குறித்துக்கொள்பவன். ஆட்டம் ஒரு பிரதி. கூச்சலிடுபவன் அதன் வாசகன் அல்லன்.

ஒவ்வோர் ஆகஸ்டிலும் நாங்கள் மூவரும் அணியின் பருவக் கணக்கை ஆளுக்கொரு தாளில் எழுதி, கல்லாவின் கண்ணாடிக்கு அடியில் வைப்போம். இம்முறை ஹாய்ட் எட்டு வெற்றி, நான்கு தோல்வி என்று எழுதினார். லமார் பத்துக்கு இரண்டு. நான் ஏழுக்கு ஐந்து.

"ஏழா? வாத்தியாரே, நீங்க எந்த ஊர்க்காரரு?" என்றார் ஹாய்ட். நான் வாத்தியார் அல்லன். கேலியாக அப்படி அழைப்பார்.

இனி கோல்பி ஹக்கபீயைப் பற்றி. அவன் எங்கள் குவாட்டர்பேக். பந்தை வாங்கி, சுற்றிலும் ஆட்கள் பாய்ந்து வரும் மூன்று நொடிக்குள் யாருக்கு எறிவது என்று முடிவெடுப்பவன். வயது இருபது. அந்த உணவகத்தில் எங்களுக்குக் காப்பி ஊற்றும் வெர்னாவின் ஒரே மகன். நான்காம் ஆட்டத்தில், வெளியூர் மைதானத்தில், அவன் தலையில் பலத்த அடி விழுந்தது. எழுந்தான், தொடர்ந்து ஆடினான். ஊர் பாராட்டியது. அடுத்த வாரப் பதிவில்தான் நான் கவனித்தேன்: இடப்பக்கம் பார்க்க அவன் கண்ணைத் திருப்பவில்லை, முழுத் தலையையும் திருப்பினான். இடப்புறமிருந்து நீட்டிய தண்ணீர்ப் புட்டியை இருமுறை வாங்காமல் விட்டான். ஒரு தோழன் நீட்டிய கை அப்படியே காற்றில் நின்றது. இடது விளிம்பில் அவனுக்குப் பார்வை இல்லை. சொன்னால் இடம் பறிபோகும் என்று மறைத்துக்கொண்டிருந்தான்.

பயிற்சியாளர்கள் ஏழு பேர் இதைப் பார்க்கவில்லை. அணி மருத்துவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

பார்வை இல்லாதவன் எப்படி ஆடினான் என்று கேட்கலாம். அதுவே என் கண்டுபிடிப்பு. இடப்பக்கத்தைக் காக்கும் பூன் மோஸ்லி என்ற மலை போன்ற பையன், தன்னைத் தாண்டி எவனாவது நுழைந்தால் "பாத்துக்கோ" என்று கத்துவான். அதைக் கேட்டதும் கோல்பி வலப்புறம் நழுவிவிடுவான். சொந்த மைதானத்தில் நம் அணியிடம் பந்து இருக்கும்போது எண்பதாயிரம் பேர் வாய் மூடி இருப்பது இங்கே வழக்கம். அந்த மௌனத்தில் மோஸ்லியின் குரல் அவனை எட்டியது. வெளியூரில் எதிரணியின் கூட்டம் அலறும், குரல் எட்டாது. அந்த அடிக்குப் பிறகு சொந்த மைதானத்தில் நான்கு ஆட்டம், நான்கும் வெற்றி. வெளியூரில் மூன்று, மூன்றும் தோல்வி.

இதை ஆறாம் ஆட்டம் முடிந்தபோதே மேசையில் ஒருமுறை குறிப்பாகச் சொன்னேன். "அந்தப் பையன் காதால் ஆடுகிறான்" என்றேன்.

"அப்ப பந்த மூக்கால எறியிறான்னு சொல்லுங்க," என்றார் ஹாய்ட். லமார் சோளக் கஞ்சியைத் துப்பும் அளவுக்குச் சிரித்தார்.

"அட, இதுல ஒண்ணுமில்ல வாத்தியாரே. அம்மா சமையல் பக்கத்துல இருந்தா பையன் நல்லா ஆடுறான். வெர்னா, நீ பேசாம டிபன் டப்பாவோட பஸ்ல ஏறிடு," என்று ஹாய்ட் தொடர்ந்தார்.

பக்கத்து மேசைகளும் சிரித்தன. அது என்னைப் புண்படுத்தவில்லை. நோக்கம் பற்றிக் கேட்டதால் பதிவு செய்கிறேன், அவ்வளவுதான். அதன்பின் ஆறு வாரம் உணவகத்தில் என்னைக் கண்டவர்கள் மூக்கைத் தொட்டுக் காட்டினார்கள்.

வெர்னா மட்டும் சிரிக்கவில்லை. எல்லாரும் போன பிறகு கெண்டியோடு வந்து நின்றார்.

"பிக்கெட் சார், நீங்கதான் ஒவ்வொரு ஆட்டத்தையும் இருவது தடவ பாக்குறீங்க. எம் பையனுக்கு ஏதும் சரியில்லையா? வீட்டுல கதவுல இடிச்சுக்குறான். கேட்டா ஒண்ணுமில்லம்மாங்கிறான்."

"ஒன்றுமில்லை வெர்னா. களைப்பாக இருக்கும்," என்றேன்.

"நெசமாவா?"

"நிஜமாக."

"நீங்க சொன்னா சரி. ரெண்டு நாளா சோறு எறங்கல எனக்கு," என்று சொல்லி, கேட்காமலே என் கோப்பையை நிரப்பினார்.

இதைப் பொய் என்று நீங்கள் எழுதிக்கொள்வதைப் பார்க்கிறேன். ஆய்வு முடியும் முன்பே முடிவை வெளியிடுவது முறையன்று என்பதே என் நிலை. அவர் மருத்துவரிடம் போயிருப்பார். கோல்பியை உட்கார வைத்திருப்பார்கள். என் கருதுகோள் நிறுவப்படாமலே போயிருக்கும். ஹாய்ட் சாகும்வரை மூக்கைத் தொட்டுக் காட்டியிருப்பார்.

கடைசி ஆட்டத்துக்கு முன் கணக்கு ஏழுக்கு நான்கு. சொந்த மைதானம், மேற்குக் கரையின் செந்நாய்கள் அணி, வெயில் நன்றாக அடித்த பிற்பகல். வென்றால் ஹாய்டின் தாள் சரி, தோற்றால் என்னுடையது.

என் வேலையை நீங்கள் அறிவீர்கள். மைதானத்தின் பெரிய மின்திரைப் பலகையை இயக்குபவன் நான். எதிரணியிடம் பந்து இருக்கும்போது பலகையில் ஒரு நாரை சிறகை விரித்து அலகைத் திறக்கும். கூட்டம் கைகளைச் சிறகாக அடித்து ஓலமிடும். நம் அணியிடம் பந்து வந்ததும் நாரை ஒற்றைக் காலில் நின்று அலகை மூடிக்கொள்ளும், கூட்டமும் மூடிக்கொள்ளும். இரண்டு பொத்தான்கள். பத்தொன்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட மாற்றி அழுத்தியதில்லை.

இரண்டு நிமிடம் மீதம். நாம் இருபது, அவர்கள் பதினேழு. பத்து கஜம் முன்னேற நான்கு முயற்சிகள் உண்டு; இது மூன்றாம் முயற்சி, இன்னும் எட்டு கஜம் தேவை. அதைக் கடந்துவிட்டால் ஆட்டம் நமது. செந்நாய்கள் தங்கள் அதிவேக ஆட்டக்காரனை மோஸ்லிக்கு எதிரே நிறுத்தியிருந்தார்கள். அன்று அவன் மோஸ்லியை ஏற்கெனவே ஐந்து முறை தாண்டியிருந்தான். ஐந்து முறையும் அந்தக் குரல் கோல்பியைக் காப்பாற்றியிருந்தது. இதைவிடத் தூய்மையான சோதனை எந்த ஆய்வாளனுக்கும் வாய்க்காது. எல்லாம் அப்படியே இருக்க, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் வாய்ப்பு.

நாரையின் அலகைத் திறந்தேன்.

சிலராவது தயங்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். பந்து யாரிடம் இருக்கிறது என்று ஒரு குழந்தைக்கும் தெரியும். ஆனால் எண்பதாயிரம் பேரும் கைகளை அடித்துக்கொண்டு எழுந்து, தங்கள் சொந்தப் பையன் தலைமீதே ஓலமிட்டார்கள். ஹாய்டும் கத்தினார், பதிவில் அவர் தெளிவாகத் தெரிகிறார். அந்த மேசையின் இரசனையைப் பற்றி நான் இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் அதுவே போதிய சான்று.

மோஸ்லி கத்தியது பதிவில் தெரிகிறது. வாய் அசைகிறது, குரல் இல்லை. கோல்பி வலப்புறம் பார்த்துக்கொண்டு எறியக் கையை உயர்த்தினான். அடி இடப்புறத்திலிருந்து, கழுத்தில் விழுந்தது. பந்து கைநழுவித் தெறித்தது, செந்நாய்களில் ஒருவன் அதைப் பொறுக்கி எல்லைக்கோடுவரை ஓடினான். இருபத்துநான்குக்கு இருபது. ஏழுக்கு ஐந்து.

கோல்பி நான்காம் நாள் மருத்துவமனையில் இறந்தான்.

கல்லூரி விசாரித்தது. பலகையின் மின்னிணைப்பில் கோளாறு என்று அறிக்கை வந்தது. என்மேல் எவரும் ஐயப்படவில்லை. என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார்கள். நான் பொறுத்துக்கொண்டேன். அடுத்த திங்கட்கிழமை லமார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விதி, வேற என்ன," என்றார். ஹாய்ட் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, "பையனுக்கு நெஞ்சு இருந்துச்சு, வாத்தியாரே. நெஞ்சு," என்றார். கண்ணாடிக்கு அடியிலிருந்த என் தாளை ஒருவரும் பார்க்கவில்லை.

அதனால்தான் நானாகவே இங்கே வந்தேன். குற்றவுணர்வு என்று எழுத வேண்டாம், அது துல்லியமாக இராது. அது கோளாறும் இல்லை, விதியும் இல்லை. அந்தப் பொத்தானை நான் அழுத்தினேன். என்ன நடக்கும் என்று அறிந்தே அழுத்தினேன். ஒன்பது வாரம் ஆட்டத்தைப் படித்ததன் முடிவு அது.

நான் இரக்கமற்றவன் என்று ஊர் பேசக்கூடும். அடக்கம் முடிந்து தேவாலய வாசலில் வெர்னா என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னதை, தயவுசெய்து, முழுமையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். "பிக்கெட் சார், இந்த ஊர்ல எல்லாரும் ஆட்டத்த பாத்தாங்க. நீங்க ஒருத்தர்தான் எம் பையன பாத்தீங்க."

பத்தொன்பது ஆண்டுகளில் என் உழைப்பைச் சரியாக மதிப்பிட்ட ஒரே வாசகர் அவர். இந்த வாக்குமூலத்தைப் படித்த பிறகு அந்தக் கருத்து அவருக்கு மேலும் உறுதிப்படும் என்றே நம்புகிறேன்.