எடுத்துக்கொடுத்த வரி

நினேல் பாவ்லோவ்னா ஷுராவ்ல்யோவா, வயது 61, விதவை, கப்பல்துறைத் தெரு 4, வீட்டு எண் 12. நகர நாடக அரங்கில், நடிகர்கள் வசனம் மறந்தால் மறைவிலிருந்து எடுத்துக்கொடுப்பது என் வேலை. 1991 மார்ச் 4 அன்று விசாரணை அதிகாரியிடம் சொல்வதாவது:

கிளெப் ருடகோவை நடிகராக இருந்த காலத்திலிருந்தே இருபத்தாறு வருடங்களாக எனக்குத் தெரியும். அரசர் வேடம் அவருக்குப் பிறவியிலேயே போட்ட சட்டை மாதிரி, மனப்பாடம்தான் பூஜ்யம். போன வருடம் அரங்கை விட்டு 'ரஷ்ய மண் சேனை' என்று கட்சி தொடங்கினார். அதன் பிறகு மேடைப் பேச்சுக்கும் என்னையே திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார். நானும் போனேன். அந்தக் கைதட்டல் எனக்கும் பிடித்திருந்தது, மறைக்கவில்லை.

மார்ச் 2 சனிக்கிழமை பகல் ஒரு மணிக்குக் கலாச்சார மாளிகையில் கூட்டம். அதற்கு முன் பேச்சுத்தாளைப் படித்தேன். "நம் ரொட்டியைத் தின்கிறவன் எங்கே இருக்கிறான்?" என்ற கேள்விக்குக் கீழே, மாவாலைச் சந்து ஏழாம் எண் என்றிருந்தது. அது தெற்கே பாகூவிலிருந்து பிழைக்க வந்த எல்மானின் செருப்பு தைக்கும் கடை. பனி விழும் முன் என் பூட்ஸுக்கு அவர்தான் அடித்தோல் போடுவார்.

"கிளெப் ஆந்திரேயவிச், இது ஒரு மனுஷனோட விலாசம். கோடு போட்டு அடிச்சிடுங்க."

"தாள்ல இருந்தா இருந்துட்டுப் போகுது, நினேல் பாவ்லோவ்னா. அந்த இடம் வந்ததும் நிறுத்திக்கிறேன். சத்தியம்."

அதன் பிறகு கூட்டம் தொடங்கியது. முன்வரிசையில் கறுப்புச் சட்டைப் பையன்கள், மடியில் இரும்புக் குழாய், மறைக்கக்கூட இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் நிறுத்தினார். அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. அதன் பிறகு தலையை என் பக்கம் லேசாகச் சாய்த்தார். வசனம் மறந்தால் எப்போதும் அவர் செய்வது அதுதான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள்; தாளில் இருந்த விலாசத்தைச் சொல்லிவிட்டேன். அவர் அதைக் கணீரென்று திருப்பிச் சொன்னார். யாரும் கைதட்டவில்லை, முன்வரிசை எழுந்து வெளியேறியது.

நான் ஓடினேன். என் கால் எவ்வளவு ஓடும்? போய்ச் சேர்ந்தபோது கதவு தெருவில் கிடந்தது. எல்மான், பெயர்ச் சீட்டு கட்டிய செருப்புகளுக்கு நடுவே அடிபட்டுக் கிடந்தார். நான்கு மணிக்கு ஆஸ்பத்திரியில் இறந்தார்.

அதன் பிறகு ருடகோவிடம் போனேன். தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"நான் நிறுத்தினேனே. நீங்கதானே சொன்னீங்க?"

மறந்தாரா, என்னைச் சொல்ல வைத்தாரா, தெரியாது. அவரைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்த வாக்குமூலத்தை எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். "விலாசத்தைக் கூட்டத்தில் யாரோ ஒருவர் கூவினார்" என்று எழுதியிருந்தது. "அம்மா, ருடகோவோட ஆளுங்க வாசல்லயே நிக்கிறாங்க, இப்படியே விட்டுடுங்க" என்றார் அதிகாரி. அதை அடித்துவிட்டு, எழுதியவர் ருடகோவ், எடுத்துக்கொடுத்தவள் நான் என்று திருத்தச் சொன்னேன். திருத்திய பின்பே இது உண்மையென ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டேன்.

நி. ஷுராவ்ல்யோவா