லிஃப்ட் இன்ஸ்பெக்டர் கேட்ட சர்டிபிகேட்

— சத்தியமாச் சொல்றேன் டாக்டர், இதுல ஒரு வார்த்தை கூடப் பொய் கிடையாது. நீங்க சொன்ன மூணாம் நாளே...

— இருங்க, இருங்க. மொதல்ல உட்காருங்க. நான் என்ன சொன்னேன், அதைச் சொல்லுங்க பார்ப்போம்.

— இருபது நாளைக்கு அந்த முயற்சியே கூடாதுன்னீங்க. ஒரே கட்டில்ல படுக்கலாம், கையைப் பிடிச்சுக்கலாம், சிரிக்கலாம். அதைத் தாண்டினா உங்க மூஞ்சியிலயே முழிக்கக் கூடாதுன்னீங்க.

— அந்த ஃபாரத்தைக் கிழிச்சுப் போடவும் சொன்னேன்.

— கிழிச்சுட்டேன். மனசில்லாமத்தான்.

— பின்னே? தேதி, நேரம், தலகாணி உயரம், விளைவுன்னு கட்டம் போட்டு... கட்டின பொண்டாட்டி பக்கத்துல இருக்கும்போது எவனாவது ஃபாரம் பூர்த்தி பண்ணுவானா?

— நான் லிஃப்ட் இன்ஸ்பெக்டர் டாக்டர். கயிறு, பிரேக், கதவு... மூணையும் மூணு தடவை சோதிக்காம ஆளை ஏத்த விடமாட்டேன். அதே பழக்கம். அந்த நேரம் பார்த்து உள்ளுக்குள்ள ஒருத்தன் டார்ச் அடிச்சுக்கிட்டு நிப்பான். "ஆச்சா? இப்ப ஆச்சா? போன வாரம் மாதிரி ஆயிடுமோ?"ன்னு...

— அவன் அப்படி நின்னா எதுதான் நடக்கும்? தூக்கத்தைக் கூட அந்த மாதிரி வரவழைக்க முடியாதே!

— அதான் புரியல டாக்டர். உழைச்சா எல்லாம் வரும்னுதானே சொல்லிக் குடுத்தாங்க? இங்க உழைக்க உழைக்க... இருந்ததும் போகுது. கல்யாணமாகி எட்டு மாசம். அவ என்னடான்னா, "என்னைப் பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லிடுங்க"ங்கறா. ரொம்பப் பிடிச்சதுதான் வினையேன்னு எப்படிச் சொல்றது?

— இப்படியேதான். இதே வார்த்தையில. சரி, மூணாம் நாளுக்கு வாங்க.

— மொத ரெண்டு நாள், முயற்சி பண்ணாம இருக்க முயற்சி பண்ணேன். அது அதை விடப் பெரிய வேலை. வேர்த்துக் கொட்டிடுச்சு.

— அடப் பாவமே...

— மூணாம் நாள் ஞாயித்துக்கிழமை. மத்தியானம் ஜன்னல் திரை கழண்டு விழுந்துடுச்சு. நான் ஸ்டூல் மேல, அவ கீழே பிடிச்சுக்கிட்டு. ஸ்டூல் ஆடிச்சு. ரெண்டு பேரும் திரையைச் சுத்திக்கிட்டு கூடம் முழுக்க உருண்டோம். அவ சிரிச்ச சிரிப்புல, யாருக்கோ வலிப்புன்னு எதிர்வீட்டுக்காரர் சாவிக்கொத்தோட ஓடி வந்துட்டார்!

— அப்புறம்?

— அவரை அனுப்பிட்டு... டார்ச்காரனைக் காணோம் டாக்டர்.

— எங்க போனான்?

— திரைக்குள்ள மாட்டிக்கிட்டான் போல.

— பலே! ஆக, நடந்தது.

— நாலு தடவை.

— நாலா?

— ...மூணுன்னு எழுதிக்குங்க.

— நான் எதையும் எழுதலையே.

— எழுதணும் டாக்டர், அதுக்குத்தானே வந்தேன்! சோதிச்ச லிஃப்ட்டுக்குள்ள நாங்க ஒரு சர்டிபிகேட் ஒட்டுவோம். அது மாதிரி ஒண்ணு. "நல்ல நிலையில் உள்ளது"ன்னு ஒரு வரி, கீழே கையெழுத்து, சீல்.

— சீல் வேறயா! எங்க ஒட்டப் போறீங்க?

— ஒட்டலை. வீட்டுக்காரிகிட்டக் காட்டணும்.

— ஐயா சாமி... அந்தம்மாவும் அங்கதானே இருந்தாங்க? மூணு தடவையும்?

— ...இருந்தா.

— அப்ப அவங்களுக்கு எதுக்குப் பேப்பர்?

— ஒரு... ஆதாரத்துக்கு.

— எனக்கே தலை சுத்துது. ஃபோனைப் போடுங்க, நானே அவங்ககிட்டப் பேசறேன்.

— வேணாம் டாக்டர். என் நம்பரைப் பார்த்தா எடுக்க மாட்டா.

— ஏன்? காலையில ஏதாவது சண்டையா?

— இல்ல டாக்டர்... நான் மொத மொதல்ல உங்களைப் பார்க்க வந்தேனே, அதுக்கு முந்தின நாளே அவ அவங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டா.