சிவலிங்கத்தின் தாய்வழி

உங்கள் குடும்ப வரலாற்றுக் கழகத்தின் உறுப்பினர் விண்ணப்பப் படிவத்தில் ஐந்து பிழைகள் இருந்தன. அவற்றைச் சிவப்பு மையால் திருத்திய பின்னரே கையொப்பமிட்டேன். செயலாளர் ஞானேஸ்வரி அவர்களே, அன்றைக்கே என்னை வெளியே அனுப்பியிருந்தீர்களாயின் இக்கடிதத்துக்குத் தேவை ஏற்பட்டிராது. நீங்களோ, "மாஸ்டர், உங்களை மாதிரி ஒராளைத்தான் தேடிக்கொண்டிருந்தனாங்கள்" என்று சொல்லி, உறுப்பினர்களின் கொடிவழிகளைச் சரிபார்க்கும் பொறுப்பையே என்னிடம் தந்துவிட்டீர்கள்.

படிவத்தில் 'ஓய்வுபெற்ற ஆசிரியர், உருத்திரமூர்த்தி' என்று எழுதியிருந்தேன். யாழ்ப்பாணத்தில் இருபது ஆண்டுகள் கற்பித்தது உண்மைதான். பின்னர் இந்நாட்டுக்கு வந்து, டீட்டிகோனில் 'லாகர்' எனப்படும் ஒரு களஞ்சியத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் பெட்டி அடுக்கியதை எழுதவில்லை. எனக்கு ஓய்வூதியம் தருவன அப்பெட்டிகளே. ஆயினும் பெட்டி அடுக்கியவனைக் கண்டு எவரும் எழுந்து நிற்பதில்லை. கழகத்தில் எழுந்து நின்றீர்கள். அதற்காகவே ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை சால்வை போர்த்துக்கொண்டு வந்தேன்.

நம் கழகத்தின் முப்பத்திரண்டு குடும்பங்களுள் இருபத்தொன்று, அவை எழுதித் தந்தபடி, யாழ்ப்பாண அரசனுக்கு மந்திரிகளாக இருந்தவை. அவ்வளவு சிறிய அரசுக்கு இத்தனை மந்திரிகள் எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஒற்றுப் பிழைகளை மட்டும் நீக்கி, 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். என் சிவப்பு மை பட்ட எதனையும் பின்னர் ஒருவரும் ஐயுற்றதில்லை.

பெருமை பேசாத ஒரே கொடிவழி பானுஜனுடையது. அவன் ஷாஃப்ஹவுசனில் வசிப்பவன், ரயில் சாரதி, என் மகள் பவதாரணியின் மகள் யதுஷாவை மணக்க இருந்தவன். அட்லிஸ்வில் முருகன் கோவிலில் ஆவணியில் திருமணம் என்று நாளும் குறித்தாயிற்று. அவனுடைய தாய் சிவகலா; சிவகலாவின் தந்தை சிவலிங்கம். சிவலிங்கத்தின் தந்தைக்கு நேரே, 'தொழில்' என்ற கட்டத்தில், 'கள்ளுச் சீவுதல்' என்று பையன் தெளிவாக எழுதியிருந்தான். ஓர் எழுத்துப் பிழையும் இல்லை. இரண்டு தரம் தேடினேன்.

நான் சாதி பார்ப்பவன் அல்லேன். சமத்துவத்தைப் பற்றி ஆண்டுதோறும் மாணவர்களைக் கட்டுரை எழுதச் செய்து, சிறந்ததற்குப் பரிசும் கொடுத்தவன். என் கவலையெல்லாம் யதுஷாவின் எதிர்காலம் பற்றியதே. அவளிடம் படிவத்தைக் காட்டினேன்.

"இது எனக்குத் தெரியும் அம்மப்பா, பானு முதல் நாளே சொன்னவன்" என்றாள். "நீங்களும் லாகரிலை பெட்டி தூக்கினனீங்கள்தானே. அதை நான் பானு வீட்டுக்காரருக்குச் சொல்லிப்போட்டன். சிரிச்சவை."

அந்தச் சிரிப்பை நான் பெரிதுபடுத்தவில்லை. இங்கே குறிப்பிடுவது முழுமைக்காக மட்டுமே.

அக்கொடிவழியில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. சிவலிங்கம் கைக்குழந்தையாக இருந்தபோதே அவருடைய தாய் இறந்துவிட்டார். அந்த அம்மையாரின் பெற்றோர் யாரென்று எவருக்கும் தெரியாது. அக்கட்டத்தில் என் தாயின் பெற்றோருடைய பெயர்களை எழுதி, என் குடும்பத்துக்கு ஒரு கோடு இழுத்தேன். அவ்வளவே. உடனே சிவலிங்கத்தின் தாயும் என் தாயும் உடன்பிறந்தோர் ஆயினர். அவர் எனக்கு அண்ணன். அவருடைய மகளும் என் மகளும் சகோதரிகள். ஆகவே பானுஜனும் யதுஷாவும் அண்ணன் தங்கை முறை. வீட்டுக்குச் சொல்லாமல் போய்விட்ட அக்கா ஒருவரை நினைத்து என் அம்மா மறைவில் அழுததைச் சிறுவயதில் கண்டேன் என்று கூட்டத்தில் சொன்னேன். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். அம்மா அப்படி எவரையும் நினைத்து அழுததில்லை. அவருக்கு அதற்கு நேரம் இருந்ததில்லை.

இளையோர் இருவரும் இதனை மீறியிருக்கலாம். இந்நாட்டுச் சட்டத்தில் தடை ஏதும் இல்லை. பானுஜன் பதிவு அலுவலகத்தில் கேட்டும் வந்தான். ஆனால் கழகத்து ஆச்சி ஒருவர், எல்லார் முன்னிலையிலும், "அப்ப தம்பி, தங்கச்சிக்கோ தாலி கட்டப்போறாய்?" என்று ஒருமுறை கேட்டார். அதற்குப் பின் அவனால் அவள் முகத்தைப் பார்க்க இயலவில்லை. மோதிரத்தைத் தபாலில் அனுப்பிவிட்டான்.

யதுஷா மூன்று கிழமைகள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒருநாள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மப்பா, நீங்கள் வடிவாப் பாத்தனீங்கள்தானே?"

"ஓம் பிள்ளை. இரண்டு தரம் பாத்தனான்."

தலையை ஆட்டிவிட்டுப் போனாள். எங்கள் வீட்டில் என் சிவப்பு மையை நம்பும் கடைசி ஆள் அவள்.

நான் எதிர்பாராதது சிவலிங்கத்தை. எண்பத்தொரு வயது, ஷாஃப்ஹவுசனில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். தாய்வழியில் தமக்கு ஒருவரும் இல்லையென்றே வாழ்ந்தவராம். தொலைபேசியில் என்னைத் "தம்பி" என்று அழைத்து அழுதார். மறுக்கக் காரணம் கிடைக்காமல் நேரில் போனேன்.

"அம்மாவின்ரை முகம் எனக்குத் தெரியாது" என்றார். "உம்மடை அம்மாவின்ரை படம் ஒண்டு இருக்கோ, தம்பி?"

கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். தாதியிடம் கண்ணாடி கேட்டு வாங்கித் தம் முகத்தையும் பார்த்தார். "எனக்கு இவவின்ரை மூக்குத்தான்" என்றார். உற்று நோக்கினால் ஓரளவு ஒத்தே இருந்தது. திருத்தமாக முடிந்த வேலை தரும் நிறைவு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அப்போது ஏற்பட்டது.

அந்த நிறைவு வீடு திரும்பும் ரயிலில் கலைந்தது. இருபது ஆண்டுகள் பிறருடைய விடைத்தாள்களில் குறை கண்டவன், என் விடையில் இருந்த குறையை அங்கேதான் கண்டேன். திருமணம் நடந்திருந்தால் கள்ளுச் சீவியவர் என் பேத்தியின் கணவனுக்குப் பூட்டனாக, எட்டத்தில் நின்றிருப்பார். இப்போது அவர் எனக்குப் பெரியப்பா.

சென்ற கூட்டத்தில் எல்லாருக்கும் பீங்கான் கோப்பையில் தேநீர் வந்தது; எனக்குக் காகிதக் கோப்பையில் வந்தது. பீங்கான் தீர்ந்திருக்கலாம் என்று நினைத்தேன். தட்டில் இன்னும் நான்கு இருந்தன. நான் உள்ளே வந்தபோது எவரும் எழுந்து நிற்கவும் இல்லை.

ஆகவே, எவருடைய வற்புறுத்தலுமின்றி ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கோடு பொய். அதனை வரைந்தவன் நான். அதனால் ஒரு திருமணம் முறியும் என்பதை அறிந்தே வரைந்தேன். கழகத்தின் ஆண்டு மலர் அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. அதற்கு முன் சிவலிங்கம் குடும்பத்தையும் என் குடும்பத்தையும் இணைக்கும் அக்கோட்டை நீக்கிவிடுங்கள். என் தாயின் படத்தையும் ஏதாவது காரணம் சொல்லி அவரிடமிருந்து வாங்கித் தாருங்கள். இந்த வயதில் எனக்கு உண்மை ஒன்றே முக்கியம்.

யதுஷாவுக்கும் பானுஜனுக்கும் மட்டும் இதனைத் தெரிவிக்க வேண்டாம்.