எச்சில் தொட்ட சிலேட்டு

டீ வேண்டாம், இன்ஸ்பெக்டர் சார். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நான் வெளியில் எங்கும் டம்ளரில் வாய் வைப்பதில்லை. கடைக்காரர் அதை வாளித் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்திருப்பார். காலையிலிருந்து எத்தனை பேர் வாய் அந்த வாளிக்குள் கரைந்திருக்கும் என்று எனக்குத் தோன்றிவிடும். தோன்றிவிட்டால் பிறகு தொண்டையில் இறங்காது. உங்கள் மேஜையில் கிடக்கும் பேனாவின் மூடியைக்கூட யாரோ கடித்து வைத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட என் பேனாவையே கொண்டுவந்திருக்கிறேன்.

அப்பா எப்படி இறந்தார் என்று மறுபடியும் கேட்கிறீர்கள். ஒயரில் கை பட்டுத்தான் இறந்தார். முதல் நாள் நான் சொன்னதில் பொய் இல்லை. அதற்கு முன்னால் நடந்ததையும் சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்கு விளங்கும்.

என் அப்பா அங்கமுத்து நல்ல மனிதர். குடி கிடையாது, சீட்டு கிடையாது, வெற்றிலை மட்டும் போடுவார். ஆலத்தியூரில் சிமெண்ட் மூட்டை தூக்கி என்னைப் படிக்கவைத்தார். அவர் பள்ளிக்கூடம் போகாதவர். சின்ன வயதில் தா.பழூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் மாடு மேய்த்தபோது, கடலை மடித்துக் கொடுத்த தாளை எழுத்துக் கூட்டிப் படித்துத் தானாகவே கற்றுக்கொண்டவர். உடம்பு தளர்ந்து பெரம்பலூருக்கு என்னோடு வந்த பிறகு, வீட்டின் பின்பக்கச் சார்ப்பில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை படித்துக்கொண்டிருப்பார். அம்மா பொன்னாயி செத்தபோதும் அவர் அழவில்லை, புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டார். புத்தகம் இல்லாவிட்டால் இந்த மனிதர் உயிரோடு இருக்க மாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதை நான் மறைக்கவில்லை.

சிக்கல் அவருடைய விரல்தான். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆள்காட்டி விரலை நாக்கில் வைப்பார். சும்மா தொட்டு எடுப்பதல்ல. நாக்கை வெளியே நீட்டி, விரலை அதன்மேல் படுக்கவைத்து ஒரு இழுப்பு. வெற்றிலைச் சிவப்போடு எச்சில் நூலாக வரும். அந்த விரலைப் பக்கத்தின் மூலையில் அழுத்திப் புரட்டுவார். அவருடைய புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் வலது கீழ் மூலை பழுப்பேறி, காய்ந்த தோல் மாதிரி விறைத்திருக்கும். புளித்த வாடை வரும். நான் கூடத்தில் சாப்பிடும்போது சார்ப்பிலிருந்து அந்தச் ‘சப்’ சத்தம் கேட்கும். சோற்றில் கை வைத்தபடி அடுத்த ‘சப்’புக்காகக் காத்திருப்பேன். பாதிச் சாப்பாட்டில் எத்தனையோ நாள் எழுந்து போயிருக்கிறேன்.

ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். அவர் சிரித்தார்.

“பண்ணையில கணக்குப்பிள்ளை ஒருத்தர் இருந்தாருடா. எச்சி தொட்டுத் தொட்டுத்தான் ஏடு பொரட்டுவாரு. நான் மாட்டப் புடிச்சிக்கிட்டு வெளியில நின்னு பாப்பேன். படிச்சவங்கன்னா இப்படித்தான் போலருக்குன்னு நெனச்சிக்கிட்டேன்.”

அவருக்கு அதில் பெருமை. மேலத்தெருவில் எங்கள் ஆட்கள் துப்பக்கூடாது என்று இருந்த ஊர் அது. அங்கே பார்த்துப் பழகியதை இவர் என் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருந்தார்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் சென்டர் இருப்பது உங்களுக்குத் தெரியும். செருப்பை வெளியில் விட்டுத்தான் உள்ளே வரவேண்டும். ஒரு நாள் அப்பா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். அப்போது ஒரு பேராசிரியர் தன் ஆய்வேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அச்செழுத்தைப் பார்த்தால் அப்பாவுக்குக் கை சும்மா இருக்காது. நான் திரும்புவதற்குள் நாக்கை நீட்டி, விரலை நனைத்து, இரண்டு தாளைப் புரட்டிவிட்டார். நல்லா எழுதியிருக்கீங்க என்று பாராட்டு வேறு. பேராசிரியர் கைக்குட்டையால் அந்த இரண்டு தாளின் நுனியைப் பிடித்து உருவிக் கீழே போட்டார். இதைத் திரும்ப பிரிண்ட் எடுத்துடுங்க தம்பி என்றார். பிறகு எங்களுக்குச் சொந்த ஊர் எது, அதில் எந்தத் தெரு என்று விசாரித்தார். எதற்குக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, சார். எச்சில் எச்சில்தானே.

அந்த வருஷம் என் தங்கை கணவர் கொளஞ்சி சிங்கப்பூரிலிருந்து வந்தார். அவர் கொண்டுவந்ததுதான் அந்தக் கையடக்கக் கருவி. உள்ளங்கை அகலத் திரை, தொடுவதற்கு ஒரு குச்சி, புத்தகம் படிக்கிற மென்பொருள் எல்லாம் உள்ளே உண்டு. தமிழ் எழுத்துதான் கட்டம் கட்டமாக வந்தது. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அப்பாவின் புத்தகங்களை ஸ்கேன் செய்து, பக்கங்களைப் படமாகவே அதில் ஏற்றிவிடலாம். அவருக்குக் கண்ணில் புரை, இதில் எழுத்து பெரிதாகத் தெரியும். காகிதம் இருக்காது. காகிதம் இல்லாவிட்டால் எச்சிலுக்கு வேலை இல்லை.

இதை நான் அவர்மேல் வைத்த அன்பால்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்டரைப் பூட்டிக்கொண்டு, மெடிக்கலில் வாங்கிய கையுறை போட்டு, மூக்கில் துணி கட்டி ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்தேன். ஒட்டிக்கொண்ட மூலைகளை ஸ்கேல் வைத்துப் பிரித்தேன். கண்ணாடியைப் பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை ஸ்பிரிட்டில் துடைத்தேன். திரை சின்னது என்பதால் ஒரு பக்கத்தை நான்காக வெட்டினேன். பெற்ற அப்பாவுக்கு இவ்வளவு செய்கிற மகன் இந்த ஊரில் யார் இருக்கிறான்?

அவர் ஒரு காதுகுத்துக்காகத் தா.பழூர் போயிருந்த நாளில் புத்தகங்களைக் கொல்லைப்புறத்தில் போட்டுக் கொளுத்தினேன். திரும்பி வந்தவர் காலி அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாம் இதுக்குள்ள இருக்குப்பா என்று கருவியைக் கையில் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். இதுக்குள்ளயா என்று கேட்டார். இரண்டு நாளில் பழகிவிட்டார். கிழவருக்குப் பிடித்தே போனது. அதற்குச் ‘சிலேட்டு’ என்று பெயர் வைத்தார்.

பிடித்த பிறகு என்ன செய்தார் தெரியுமா? நாக்கை நீட்டினார். விரலை நனைத்தார். திரையில் வைத்தார். பக்கம் மாறியது. குச்சியைக் கொடுத்தால் பல் குத்தினார். எச்சில் இல்லாமலே மாறும் என்று என் விரலால் தொட்டுக் காட்டினேன். “சிலேட்டுன்னா எச்சி தொட்டாத்தான்டா சரிப்படும்” என்றார். ஒரு பக்கத்தை நான் நான்காக வெட்டியிருந்தேன் அல்லவா, அதனால் முன்பைவிட நான்கு மடங்கு எச்சில். சாயங்காலம் கருவியைக் கையில் எடுத்தால் திரையில் சிவப்புச் சிவப்பாகக் காய்ந்திருக்கும். அதைத் துடைத்துவிட்டுக் குளித்த நாட்கள் உண்டு.

அந்தக் கருவியில் ஒரு குணம் இருந்தது, பேட்டரி இருக்கும்வரைதான் அதற்கு ஞாபகம். சார்ஜ் முழுதும் இறங்கிவிட்டால் உள்ளே ஏற்றியது எல்லாம் அழிந்துபோகும். கடையிலிருந்து அன்றுதான் வந்தது மாதிரி, திரையைத் தொடவும் என்று ஆங்கிலத்தில் கேட்கும். முதல் தடவை தற்செயலாக நடந்தது. அப்பா கட்டிலில் உட்கார்ந்து தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறார். நான் வீட்டுக்கு வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். “என்னத்தையோ பண்ணிப்புட்டன்டா. அத்தனையும் போயிடுச்சு” என்றார். அன்றைக்கு அழுதார். நான் சென்டருக்குப் போய்த் திரும்ப ஏற்றிக் கொடுத்தேன்.

இரண்டாம் தடவை தற்செயல் இல்லை. எச்சில் தொட்டால் அழிந்துவிடும் என்று சொல்லியிருந்தேன். தொட்டார், சார்ஜ் ஏறாமல் கூடத்து ஸ்விட்சை அணைத்துவைத்து அழியவிட்டேன். குழந்தைக்குச் சூடு காட்டுகிற மாதிரிதான். நான்கு நாள் கழித்து ஏற்றினேன். அதன் பிறகு அவர் வேட்டித் துணியைக் கிழித்து ஆள்காட்டி விரலில் கட்டிக்கொண்டு படித்தார். அது பார்க்க ஒழுங்காக இருந்தது. ஆனால் கதை ஓட்டத்தில் மறந்து துணியோடு நாக்கில் வைத்துவிடுவார். ஈரத்துணி இன்னும் மோசம். மறுபடி அழியவிட்டேன். அந்த நாட்களில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. வெறும் அலமாரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் மனைவி பாக்யலட்சுமி, பாவம், ஏத்திக் கொடுத்துடுங்களேன் என்று கெஞ்சினாள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் பாவம்தான்.

இதோடு போயிருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை என் மகள் அனிதா கூடத்தில் ஒன்றாம் வகுப்புப் பாடப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். சின்ன நாக்கை நீட்டி, விரலை அதன்மேல் படுக்கவைத்து ஓர் இழுப்பு. பிறகு புரட்டினாள். தாத்தா இப்படித்தான் படிக்கும் என்றாள். வாசலில் போய் வாந்தி எடுத்தேன். வாய் கொப்பளிக்கும்போதே முடிவுசெய்துவிட்டேன். மூன்றாவது தலைமுறைக்கும் அது போகக்கூடாது. ஒரு தகப்பனாக நீங்கள் வேறு என்ன செய்திருப்பீர்கள்?

சார்ப்பில் பிளக் கிடையாது. கூடத்திலிருந்து ஒயர் இழுத்து ஒரு பிளக் பெட்டி வைத்திருந்தேன். அந்த ஒயரில், அவர் கட்டில் தலைமாட்டில், ஓர் ஒட்டு இருந்தது. கருப்பு டேப் சுற்றியிருந்தேன். கண் மங்கல் என்பதால் அப்பா எப்போதும் ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போய்த்தான் பெட்டியைப் பிடிப்பார். சிலேட்டு சம்பந்தப்பட்ட எதைத் தொடுவதற்கும் முன்னால் விரல் நாக்குக்குப் போய்விடும். இது எனக்குத் தெரியும், பாக்யலட்சுமிக்குத் தெரியும், அனிதாவுக்கும் தெரியும்.

மறுநாள் பாக்யலட்சுமியும் குழந்தையும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நான் டேப்பைப் பிரித்தேன். தினமும் செய்வது போலவே டெட்டால் ஊற்றிச் சார்ப்பைத் துடைத்தேன், அன்றைக்குத் தரையைக் காயவிடவில்லை. சிலேட்டில் எல்லாப் புத்தகத்தையும் ஏற்றி, கொஞ்சம் சார்ஜ் மட்டும் வைத்து அவர் கையில் கொடுத்தேன். சார்ஜ் குறையும்போது நீங்களே போட்டுக்கங்கப்பா, ஸ்விட்ச் போட்டுதான் இருக்கு என்றேன். அவர் துணியை எடுத்து விரலில் சுற்ற ஆரம்பித்தார்.

“துணியெல்லாம் வேணாம்ப்பா. உங்க இஷ்டம்போலப் படிங்க.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நெசமாத்தான் சொல்றியா? அழிஞ்சிடாதே?”

அழியாது என்றேன். துணியை அவர் கையிலிருந்து நானே வாங்கிக்கொண்டேன். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை. சாயங்காலம் வரும்போது வெற்றிலை வாங்கி வா என்றார். வாசலில் செருப்பு மாட்டும்போது பின்னாலிருந்து ‘சப்’ என்று கேட்டது. அன்று ஒருநாள் மட்டும் அது என்னைத் தொந்தரவு செய்யவில்லை.

இதுதான், சார். டேப்பைப் பிரித்தது நான். அவர் விரல் ஈரமாக இருக்கும் என்று கணக்குப் போட்டதும் நான். ஆனால் ஈரம் என்னுடையதல்ல. விரலை நாக்கில் வைக்காமல் இருந்திருந்தால், உலர்ந்த கையோடு ஒருவேளை பிழைத்திருப்பார். அந்த வாய்ப்பை அவரிடம்தான் விட்டுவைத்தேன்.

பாக்யலட்சுமி உங்களிடம் சொன்னதைக் கேள்விப்பட்டேன். “வூட்டுல ஒரு முடி கெடந்தா சோறு திங்க மாட்டாரு சார். ஒயர இப்படியா விட்டு வச்சிருப்பாரு?” என்றாளாம். சரியான கேள்வி. பிரித்த டேப்பைத் தரையில் அப்படியே போட்டிருந்தால் தானாக அவிழ்ந்தது என்று நீங்களும் விட்டிருப்பீர்கள். பிசுபிசுவென்று கிடந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. காகிதத்தில் மடித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

வீடு இப்போது சுத்தமாக இருக்கிறது. அனிதாவும் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டாள். புத்தகத்தையே தொடுவதில்லையாம். நாளாவட்டத்தில் சரியாகிவிடும்.

கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எல்லாப் பக்கத்திலும் போடவேண்டுமா? தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிரிய மாட்டேன் என்கிறது. ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள்... இல்லை, வேண்டாம். வந்துவிட்டது, புரட்டிவிட்டேன்.

என்ன சார், என் விரலை அப்படிப் பார்க்கிறீர்கள்?